டி டிரைவில் இருந்த குரல்

மார்ச் 3

கொழுந்தனாருக்கு,

கையால் எழுத உட்கார்ந்தால் ‘அன்புள்ள தம்பி’ என்று பேனா தானாக ஓடுகிறது. பழக்க தோஷம். அதனால் டைப் செய்கிறேன்.

நீங்கள் விமானம் ஏறிவிட்டதாக எதிர்க்கடை டெய்லர் சொன்னார். நல்லது. அன்று மத்தியானம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. புரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. “டிஸ்க் கடகடன்னு சத்தம் போடுது அண்ணி, எப்ப வேணா படுத்துடும். அண்ணன் பாடத்தையெல்லாம் புது டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுப் போறேன்” என்று ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தீர்கள். நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் அந்தப் பாடங்கள் இருந்த டி டிரைவ் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன், அந்தக் குரங்கு என் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

தொண்டையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது உங்கள் அண்ணன் கேட்ட முதல் கேள்வி “கம்ப்யூட்டர் கிளாஸ் என்ன ஆகறது?” அந்த வாரம் முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் பேசிப் பதிவு செய்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் வகுப்பில் பட்டனைத் தட்டிவிட்டு ஓரமாக நிற்பார். ஸ்பீக்கர் பேசும், கூடவே அவர் உதடு அசையும். “மாஸ்டர் இப்பத்தான் தப்பில்லாம பேசறார்” என்று பிள்ளைகள் கேலி செய்தால் சத்தமில்லாமல் சிரிப்பார். அவர் போன பிறகு அந்தப் பட்டனை நான் தட்டினேன். கிளாஸ் நின்றுபோகவில்லை. தினமும் சாயங்காலம் அவர் குரல் இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் நான் ஒழுங்காக அழக்கூட இல்லை. இப்போது அழுகிறேன். உங்கள் தயவு.

போன் செய்யாதீர்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒரே குரல் என்று சொல்லாத ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் நானே ஏமாந்து உங்களிடம் குழைந்து பேசி அசடு வழிந்திருக்கிறேன். அந்தக் குரலை இனி உங்கள் வாயிலிருந்து கேட்க என்னால் ஆகாது. போன் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

இதை அவர் மெஷினில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கிறேன். டி-யில்தான் சேமிக்கப் போகிறேன். “சி டிரைவ் வாசல் மாதிரி, யார் கால்லயாவது மிதிபடும். வேண்டியதையெல்லாம் டி-யில வை” என்பார். அவர் சொன்னதை நான் மீறியதில்லை. காலி வீடுதானே, இடத்துக்கா பஞ்சம்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 10
(பிரிக்கப்படாமல் திரும்பி வந்த உறையில் இருந்தது)

அண்ணி,

முதலில் எழுந்து போய் மெஷினை அணையுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

அணைத்துவிட்டீர்களா?

உங்கள் கடிதத்தில் ‘டி-யில் சேமிக்கப் போகிறேன்’ என்ற வரியைப் படித்ததும் ஓடிப்போய் ஒரு தந்தி கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். அன்றைக்கே இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் புது டிஸ்கைத் தூக்கி என் மேல் எறிந்தீர்கள், அது என் நெற்றியில் பட்டது, அப்புறம் என் பெட்டி வெளியே வந்தது, நானும் வெளியே வந்தேன். தப்பு சொல்லவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மானிட்டரைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அண்ணி, பாடங்கள் அழியவில்லை. அழிந்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு தடித்த புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்று மெஷினுக்குத் தெரியாது, அதனால் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லுகிறது. பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன. ஆனால் ‘ஒன்றும் இல்லை’ என்று அது நம்புவதால், புதிதாக எதைச் சேமித்தாலும் முதல் பக்கத்திலிருந்து அதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். மேலே எழுதிவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. உங்கள் கடிதம் ஒன்று போனால் பரவாயில்லை, முதல் பாடத்தில் ‘வணக்கம்’ என்பது போயிருக்கும். அதோடு நிறுத்திவிடுங்கள்.

எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. வீட்டு மெஷினில் இருந்தது ஒரே டிஸ்க். அதை அண்ணன் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார், முன்னறை சி, உள்ளறை டி. நான் வாங்கி வந்த புது டிஸ்கைச் சேர்த்ததும் அது வரிசையில் கடைசியாகப் போய் ஈ என்று நிற்கும் என்று நினைத்துவிட்டேன். அது அப்படி நிற்காது. புதிதாக வந்தவன் பந்தியில் நடுவே புகுந்து டி ஆகிவிடுவான், பழைய டி ஒரு இடம் தள்ளி ஈ ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததா? அண்ணன் எனக்குச் சொன்னது, நான் இங்கே கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்வது. “எழுத்தை நம்பாதே, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பேர் எழுதி வை, அழிக்கறதுக்கு முன்னாடி உள்ளே எட்டிப் பார்.” ஊருக்குத்தான் உபதேசம். புதுசு என்று நினைத்து ஈ-யை அழிக்கச் சொன்னேன். ‘எல்லாம் அழியும், சம்மதமா’ என்று கேட்டது. சம்மதம் என்று தட்டினேன். நீங்கள் எறிந்த டிஸ்கை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டதால் இப்போது பழையது மறுபடி டி என்றே காட்டும், காலியாக.

நானே கிளம்பி வந்திருப்பேன். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. லீவு கேட்டதற்கு மேனேஜர், “அண்ணன் செத்ததுக்குத்தான் லீவு குடுத்தாச்சே, மனுஷன் ரெண்டாவது தடவையா சாவான்?” என்றான். ஆமாம் சார் என்று சொல்ல நினைத்தேன்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். டிஸ்கை எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். என்னிடம் அதற்கான கருவிகள் இருக்கின்றன.

தம்பி


மார்ச் 18

கொழுந்தனாருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தடியாக இருந்தது. மன்னிப்பு இவ்வளவு கனமாக இருக்குமா என்று கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு தந்தி வந்தது, அதையும் வாங்கவில்லை. தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தந்தியை வேணாம்னு சொல்ற முதல் ஆள் நீங்கதாம்மா” என்றார். இந்த வீட்டுக்கு வர வேண்டிய கெட்ட சேதியெல்லாம் வந்தாகிவிட்டது, புதிதாக என்ன வரப்போகிறது என்றேன்.

பின் ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களால் கிளாஸ் மூடிவிட்டது என்று நீங்கள் அங்கே உட்கார்ந்து உருகிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் அழித்ததை நான் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆமாம், நான்தான். பத்தாவது தாண்டாதவள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுகிற ஜாதி நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அந்தப் பாடங்களைத் தினமும் கேட்டிருக்கிறேன். எனக்கு அவை தலைகீழ்ப் பாடம். மைக்கை எடுத்துத் துடைத்தேன், கதவைச் சாத்தினேன், அவர் பேசின மாதிரியே முதல் பாடத்திலிருந்து பேசிப் பதிவு செய்கிறேன். தினம் ஒன்று. எல்லாம் டி-யில்.

முதல் நாள் குரல் நடுங்கியது. ‘பென்சில் பிடிக்கத் தெரியாத காலத்துல மனுஷன் கூழாங்கல்லை வச்சு எண்ணினான், அப்புறம் மணியைக் கம்பியில கோத்தான், அதுதான் நம்ம மெஷினோட கொள்ளுத் தாத்தா’ என்று ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. அட்டையில் ஓட்டை போட்டு அதன்படி தறியைப் பூப்போட வைத்த கதை. வாழ்நாள் முழுக்கப் பல்சக்கரம் பல்சக்கரமாக ஒரு கணக்கு மெஷினை வரைந்து, கட்டி முடிக்காமலே போய்ச் சேர்ந்த மனுஷன் கதை. அந்த இடத்தில் அவர் “அதனாலதான் சொல்றேன், ஹோம்வொர்க்கை அன்னன்னிக்கு முடிங்க” என்பாரே, அதையும் சொன்னேன். ஒரு கூடம் நிறைய மெஷின், ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் குழல், ஒன்று அணைந்தால் எல்லாம் நிற்கும். ‘கம்ப்யூட்டர்னா அந்தக் காலத்துல மெஷின் பேர் இல்ல, உட்கார்ந்து கணக்குப் போடற ஆளோட பேர். அதுல பாதிக்கு மேல பொம்பளைங்க’ என்று சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குவார். நான் சுவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன்.

அவர் இருமுகிற இடத்தில் இருமினேன். “பின் பெஞ்சு, தூங்கறவங்க தயவுசெய்து குறட்டை விடாம தூங்கவும்” என்பதை விடவில்லை. முதன்முதலில் வந்த ஹார்ட் டிஸ்க் இரண்டு பீரோ அளவு, அதில் இன்றைக்கு ஒரு பாட்டை வைத்தால் நிரம்பிவிடும் என்ற பாடத்தை நேற்று முடித்தேன். போட்டுக் கேட்டேன். என் குரல்தான், ஆனால் நடை அவருடையது. பிள்ளைகளும் கேட்டுவிட்டு “மாஸ்டர் மாதிரியே இருக்கு டீச்சர்” என்றார்கள். டீச்சராம். கேட்டீர்களா?

கடைசிப் பாடம் ஒன்றுதான் பாக்கி. டிஸ்கைப் பிரிப்பது பற்றியது. அதை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று பேசினார். அதை மட்டும் நான் கேட்டதே இல்லை. வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் பட்டனைத் தட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். அதனால் அதை அவர் மாதிரி பேச எனக்குத் தெரியவில்லை. அவர் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் நானாக ஏதாவது பேசிவிடுவேன்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 26
(தபால் அட்டை. பெரிய எழுத்தில்)

அண்ணி. உறையில் போட்டால் திருப்பி அனுப்புகிறீர்கள், அதனால் கார்டு. இதைத் தபால்காரர் படித்தாலும் சரி, டெய்லர் படித்தாலும் சரி, யாராவது அண்ணியிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மெஷினை அணையுங்கள். டி-யில் இனி ஒரு எழுத்துகூடச் சேமிக்க வேண்டாம். கடைசிப் பாடத்தைப் பேச வேண்டாம். அண்ணன் குரல் உள்ளே இன்னும் இருக்கலாம். டிஸ்கைக் கழற்றி எனக்கு அனுப்புங்கள். டெய்லருக்கு ஸ்க்ரூ கழற்றத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

பேனாவால் எழுதுகிறேன். மெஷினை அணைத்துவிட்டேன்.

கார்டைத் தபால்காரர் வாசலிலேயே படித்துக் காட்டிவிட்டார். ‘அண்ணன் குரல் உள்ளே இன்னும் இருக்கலாம்’ என்பதை இரண்டு தரம் படித்தார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நெற்றியில் பட்டது ஆறிவிட்டதா? தழும்பு விழுந்திருக்குமோ என்று இப்போதுதான் நினைக்கத் தோன்றுகிறது. இவ்வளவு நாளும் கல்லாக இருந்திருக்கிறேன்.

டிஸ்கை டெய்லர் கழற்றிக் கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது. இதற்குள்ளேயா மனுஷன் இருக்கிறார் என்று கேட்டார். உன் அண்ணனுடைய கம்பளி மப்ளரில் சுற்றி, ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் கட்டிக்கொள்வாரே அதில்தான், பஞ்சு வைத்துப் பெட்டியில் போட்டுத் தைத்துக் கொடுத்தார். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தபாலாபீசில் ‘உடையக்கூடிய பொருள்’ என்று எழுதச் சொன்னார்கள். நான்கு பக்கமும் எழுதினேன்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நான் பேசிப் பதிவு செய்தது ஒன்றையும் கெடுத்திருக்காதே? டி-யில் நிறைய இடம் இருந்தது. பாதிகூட நிரம்பவில்லை என்று காட்டியது. அவர் ஒரு பக்கம் இருப்பார், நான் ஒரு பக்கம் இருப்பேன், இல்லையா? ஏன் கடைசிப் பாடத்தைப் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாய்? அதையே நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

உனக்கு எல்லாம் தெரியும். கொண்டுவந்து சேர்த்துவிடுவாய் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். கிளாஸுக்கு லீவு விட்டிருக்கிறேன். அவர் வந்த பிறகு நடத்திக்கொள்ளலாம்.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

டிஸ்க் பத்திரமாக வந்து சேர்ந்தது. மப்ளரை நான் வைத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாடம் மட்டும்தான் கிடைத்தது. மற்றவை இல்லை.

நான் செய்த வேலைதான் அண்ணி. நான் அழித்த அழிப்பில் எல்லாம் அன்றைக்கே போய்விட்டது. டிஸ்கும் பழசு, அந்தக் கடகடச் சத்தம் நினைவிருக்கிறதா, உள்ளே கீறல் விழுந்திருக்கிறது. கீறல் எந்தப் பாடத்தின் மேல் விழுந்ததோ அது போயிற்று. கடைசிப் பாடம் ஓரமாக இருந்ததால் தப்பித்தது. நீங்கள் பேசினதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே, அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். உங்கள் பாடங்கள் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. கேட்டேன். புருவத்தைத் தூக்கினது கூடத் தெரிந்தது.

பழி முழுக்க என்னுடையது. அது என்னோடு இருக்கட்டும். நீங்கள் திட்டினால் எனக்கு நிம்மதி. முன்போலவே ‘கொழுந்தனார்’ என்று எழுதுங்கள்.

கடைசிப் பாடத்தை ஒரு சிடியிலும் உங்கள் பாடங்களை இன்னொரு சிடியிலும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரு காப்பி என்னிடம் இருக்கிறது, இன்னொன்று கடை லாக்கரில். இனி எதுவும் ஆகாது. கண் கெட்ட பிறகு எல்லாரும் செய்வதுதான்.

அந்தப் பாடத்தை முழுக்கக் கேட்க வேண்டாம் அண்ணி. ஆரம்பத்தைக் கேளுங்கள், வீட்டைத் தடுத்துக் குடித்தனம் வைக்கிற மாதிரி என்று சிரிக்கிறார், நன்றாக இருக்கிறது. அதோடு நிறுத்திவிடுங்கள். பிற்பாதி வெறும் டெக்னிக்கல், குரலும் கரகரவென்று இருக்கிறது, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அதை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மவுஸைப் பிடித்தேன், விட்டேன். அண்ணன் குரல் இருப்பதே இவ்வளவுதான். அதிலும் ஒரு துண்டை நான் எப்படி வெட்டுவேன்? ஒருதரம் சம்மதம் என்று தட்டின கை இது.

சொன்னதைக் கேளுங்கள். பாதியோடு நிறுத்திவிடுங்கள்.

தம்பி


மே 2

தம்பி,

முழுக்கக் கேட்டேன். நீ வேண்டாம் என்றால் நான் கேட்பேன் என்று உனக்குத் தெரியாதா?

டெய்லர் தன் பையன் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த சிடி பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டைத் தடுக்கிற கதை வந்தது, சிரித்தார், நானும் சிரித்தேன். இவ்வளவு நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உனக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. நிறுத்தப் போனேன். நிறுத்தாமல் விட்டுவிட்டேன்.

பிற்பாதி வெறும் டெக்னிக்கல் என்று எழுதினாய். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“தெரியாம ஒரு டிரைவை அழிச்சுட்டா ஐயோ போச்சேன்னு ஒப்பாரி வைக்காதீங்க. பொருளடக்கத்தைத்தான் கிழிச்சிருக்கீங்க, புஸ்தகம் உள்ள பத்திரமா இருக்கு. அது மேல வேற எதையாவது எழுதினாத்தான் போகும். எழுதின அளவு போகும். அதனால அழிச்சுட்டீங்கன்னா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. யாராவது தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.”

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்காகவே பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் மாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசிலேயே வராது என்பார் உன் அண்ணன். கீறல் விழுந்ததாம், சரியாக நான் பேசின பாடங்களின் மேல் மட்டும் விழுந்ததாம், நான் பேசாத ஒன்று மட்டும் தப்பித்ததாம். முதல் பாடத்தின் மேல் என் முதல் பாடம். தறிக்கதையின் மேல் என் தறிக்கதை. தினம் ஒன்று என்று அடுக்கி, நாள் தவறாமல், கதவைச் சாத்திக்கொண்டு, அவரை நான்தான் அழித்தேன். அவர் இருமல் மேல் நான் இருமினேன். நீ கிழித்தது ஒரு பக்கம். மீதியை நான் எழுதித் தீர்த்தேன். உன் தந்தியை வாங்கியிருந்தால் எத்தனை பாடம் மிஞ்சியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நான் திருப்பி அனுப்பின உறையை நீ இன்னும் வைத்திருந்தால் எனக்கு அனுப்பாதே. என்ன எழுதியிருப்பாய் என்று இப்போது எனக்கே தெரியும்.

காகிதத்தில் பென்சிலால் எழுதி அழித்து மேலே எழுதினால்கூட அடியில் பழைய தடம் தெரியும். இதில் அதுகூட இல்லையாம். என் பாடத்தைப் போட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன், அடியில் எங்காவது அவர் இருக்கிறாரா என்று. என் குரல்தான் இருக்கிறது. சகிக்கவில்லை. உன்னிடம் இருக்கும் என்னுடைய சிடியை வைத்துக்கொள், தூக்கிப் போடு, என்னவோ செய். இங்கே இருந்ததை நான் உடைத்துவிட்டேன். கிளாஸை மூடிவிட்டேன். பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவில்லை.

உன்னை மன்னிக்கிற நிலையில் நான் இல்லை தம்பி, அந்தத் தகுதி போய்விட்டது. உன் மேல் எறிந்ததற்கு என்னை மன்னித்துவிடு. மற்றதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பாடத்தின் முடிவை நீயும் கேட்டிருப்பாய். பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப் இழுபடுகிற சத்தம். அப்புறம் நான். “இன்னும் முடியலையா? வண்டி வந்துடுச்சு!” எவ்வளவு எரிச்சல் என் குரலில். இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு, “இதோ வந்துட்டேன்மா” என்கிறார். அவ்வளவுதான். டக்கென்று நின்றுவிடுகிறது. அவர் குரலில் கடைசியாக இருப்பது அந்த ஒரு வரி. அன்றைக்கு வண்டி கொஞ்சம் நின்றிருக்காதா?

நேற்று அதைக் கேட்ட கையோடு போன் வயரைத் திரும்ப மாட்டினேன். உன் கடைக்குப் போட்டேன். மணி அடித்தது, நீ எடுத்தாய். “ஹலோ, சர்வீஸ் சென்டர்” என்றாய். “ஹலோ, யாரு பேசறது?” என்றாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். “அண்ணியா?” என்றாய். வைத்துவிட்டேன். அது நான்தான்.

ஒரே குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் இல்லாவிட்டாலும் அந்தக் குரல் எங்கோ ஒரு ஊரில் இருக்கிறது, என்றைக்காவது தாங்க முடியாமல் போனால் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசின் மூலையில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அதனால்தான் உன்னைப் போன் செய்யாதே என்று சொல்லி வைத்தேனோ என்னவோ. நேற்றுத்தான் தெரிந்தது. அவர் குரல் வேறு, உன் குரல் வேறு. துளிகூட ஒற்றுமை இல்லை.

அதனால் இனி நீ போன் செய்யலாம்.

அண்ணி